கல்லூரி முடிந்தது, நாணய இதழில் எழுத வேலை கிடைக்குமா?

ஓட்டைக்காலணா (கரூர்)

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாக இங்கே வந்து படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன், இன்றுதான் முதல் பதிவு. திருச்சியில் எம்.ஏ. வரலாறு இந்த ஏப்ரலில் முடித்தேன். வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள். மாமா டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங்குக்குப் பணம் கட்டத் தயாராக இருக்கிறார். எனக்கு மனசு முழுக்கக் காசுதான். சம்பாதிக்கிற காசைச் சொல்லவில்லை, சேர்க்கிற காசு.

தாத்தா விட்டுப்போன ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஆரம்பித்தது. காலணா, அரையணா, நயா பைசா எல்லாம் சேர்த்து முந்நூற்றுச் சொச்சம். அமராவதி ஆற்று மணலில் கிடைத்ததாகத் தாத்தா சொன்ன நாலைந்து சின்னச் செப்புக்காசுகளும் உண்டு. எம்.ஏ. ஆய்வேடும் கொங்கு நாட்டு நாணயப் புழக்கம் பற்றித்தான் எழுதினேன்.

நாணயம், தபால்தலை பற்றி வரும் ஆறு இதழ்களுக்கு பயோடேட்டா அனுப்பினேன். எழுதுவது, ஆராய்ச்சி செய்து கொடுப்பது, எந்த வேலையானாலும் சரி என்று கேட்டிருந்தேன். ஒன்றிலிருந்து மட்டும் 'பிறகு தொடர்புகொள்கிறோம்' என்று வந்தது. மற்றதெல்லாம் கிணற்றில் போட்ட கல். இந்த மாதிரி இதழ்களில் உண்மையிலேயே ஆள் எடுக்கிறார்களா? எப்படி உள்ளே போவது?

அச்சுக்கோத்தவர் (கோவை)

தம்பி, அந்தக் கிணற்றுக்குள்ளேயே ஆறு வருடம் இருந்தவன் நான். பெயர் வேண்டாம். மும்பையிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்த ஆங்கில இதழ், இப்போது நின்றுவிட்டது. உதவி ஆசிரியர் என்று கார்டில் போட்டிருக்கும். வேலை என்னவோ டீ சொல்வதிலிருந்து ஆரம்பிக்கும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். எங்கள் ஆபீஸில் மொத்தம் மூன்றரைப் பேர். ஆசிரியர், லே-அவுட் போடுபவர், நான். அந்த அரை ஆள் விளம்பரம் பிடிப்பவர், பாதி நாள் முதலாளியின் இன்னொரு கடையில் இருப்பார். இதில் 'ஆராய்ச்சியாளர்' என்று தனி நாற்காலி எங்கே போடுவது?

கட்டுரைக்குப் பஞ்சமே கிடையாது. பணி ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர், டாக்டர், ரயில்வே அதிகாரி என்று நாற்பது வருடம் சேர்த்தவர்கள் காசு வாங்காமலே எழுதி அனுப்புவார்கள். போதும் சார் என்று சிலரிடம் கெஞ்சவே வேண்டியிருந்தது. அவர்கள் எழுதியதைச் சரிபார்க்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

ஒரு உதாரணம். 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாயின் படத்தை ஒருவர் அனுப்பி, '1862-இல் அச்சடிக்கப்பட்டது' என்று எழுதியிருப்பார். காசிலேயே 1862 என்றுதானே இருக்கிறது, இதில் சரிபார்க்க என்ன என்று தோன்றும். ஆனால் அந்த ஆண்டை மாற்றாமலே பல வருடம் அடித்துத் தள்ளினார்கள். ரூபாயில் அடுத்த ஆண்டு எண் வந்தது 1874-இல்தான். நடுவில் வந்தவற்றைப் பின்பக்கத்தில் உள்ள பொடிப்பொடிப் புள்ளிகளை எண்ணிப் பிரிக்கிறார்கள். ஆகவே அந்த ஒற்றை வரிப் படக்குறிப்பை அச்சுக்கு விடுவதற்குள், லென்ஸை வைத்துப் புள்ளி எண்ணி, கேட்லாக்கோடு ஒப்பிட்டு, அனுப்பியவருக்குப் போன் போட்டு 'பின்பக்கத்தை இன்னும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள்' என்று கேட்க வேண்டும். ஒரு இதழில் இப்படி எண்பது, தொண்ணூறு படக்குறிப்புகள் வரும். ஆராய்ச்சி வேலை என்றால் எங்கள் இடத்தில் இதுதான்.

நான் சொதப்பிய கதையையும் சொல்லிவிடுகிறேன். 1818 என்று ஆண்டு போட்டு, ஒரு பக்கம் அனுமார் அல்லது ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி, யு.கே.எல். ஒன் அணா' என்று எழுதிய செப்பு வில்லைகளைப் பார்த்திருப்பீர்கள். லட்சக்கணக்கில் போகும் என்று சொல்லி ஊரை ஏமாற்றுவார்கள். அவை கம்பெனி காசே இல்லை, பிற்பாடு யாரோ செய்து விட்டவை. இதை விளக்கி அரைப்பக்கம் எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வேகத்தில் 'கம்பெனி தன் காசுகளில் இந்து தெய்வங்களைப் பொறித்ததே இல்லை' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

பத்தாம் நாள் கும்பகோணத்திலிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. சென்னையில் கம்பெனி அடித்த நட்சத்திர வராகன் என்ற தங்கக்காசில் பெருமாள் நிற்கிறார். 1808 வாக்கில் வந்த அரை வராகன் வெள்ளிக்காசில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு, சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. தாங்கள் மதராஸ் பக்கம் வந்ததே இல்லையோ? கேட்டவருக்கு நான் கோயம்புத்தூர்க்காரன் என்பது தெரியாது. ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கார்டை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். நான் வேலையை விடும் வரை அங்கேயே கிடந்தது.

உங்கள் பயோடேட்டாவில் 'நாணயவியலில் தீராத ஆர்வம்' என்று எழுதியிருப்பீர்கள். வருகிற எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அதை விடுங்கள். அந்த இதழின் கடைசி மூன்று பிரதிகளை வாங்கிப் படித்து, பிழை இருந்தால் ஆதாரத்தோடு பணிவாக ஒரு கடிதம் போடுங்கள். கும்பகோணத்துக்காரர் வேலை கேட்டிருந்தால் எங்கள் ஆசிரியர் என்னை அனுப்பிவிட்டு அவரை எடுத்திருப்பார்.

ரெண்டணா (சென்னை)

அச்சுக்கோத்தவர் அண்ணா சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆனால் பிழை பிடித்துக் கடிதம் போடுவது எல்லா ஆசிரியரிடமும் செல்லாது. நான் தபால்தலைக்காரன். எங்கள் வட்டத்தில் ஒருவருக்கு அப்படி ஒரு கடிதம் போட்டேன், மூன்று வருடம் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்காட்சியில் எதிரே வந்தால் வேறு ஃப்ரேமைப் பார்க்கப் போய்விடுவார்.

நான் சொல்வது வேறு வழி. சங்கங்களின் செய்தி மடல்கள். சென்னையில் தபால்தலைக்கும் நாணயத்துக்கும் பழைய சங்கங்கள் இருக்கின்றன. மாதக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். மடல் தயாரிக்கும் பெரியவருக்குக் கண் சரியாகத் தெரியாது, கம்ப்யூட்டர் தகராறு செய்யும். 'நான் டைப் பண்ணித் தருகிறேன் ஐயா' என்றால் போதும். பைசா வராது. ஆனால் அந்தப் பெரியவர் ஒரு போன் போட்டால் எந்த இதழாசிரியரும் எடுப்பார்.

அப்புறம் எதை எழுதுவது என்பது. சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை ஆகஸ்டில் வரவில்லை, 1947 நவம்பர் 21-இல்தான் வந்தது, மூன்றரை அணா, தேசியக் கொடி, 'ஜெய்ஹிந்த்'. இதை ஒரு புதிய கண்டுபிடிப்பு மாதிரி எழுதிய கட்டுரைகளை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. நீங்கள் கரூர். அங்கே எந்த வருடம் எந்த மாதிரித் தபால் முத்திரை குத்தினார்கள் என்று யாராவது முழுதாகத் தொகுத்திருக்கிறார்களா? பழைய கடிதங்கள் எந்த வீட்டுப் பரணில் இருக்கின்றன? உள்ளூர் விஷயத்தை உள்ளூர்க்காரர்தான் எழுத முடியும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, கன்னிமாரா இருக்கிறது, தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. காப்பகத்துக்குப் போகும்போது கல்லூரியிலிருந்து அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள், கல்லூரிப் பேராசிரியர் உங்களை மறப்பதற்குள்.

லக்கிகாயின்786

அண்ணா என்னிடம் வைஷ்ணோ தேவி 5 ரூபாய் நாணயம் 3 இருக்கிறது, 786 நோட்டு 1 இருக்கிறது. எவ்வளவுக்குப் போகும்? உடனே விற்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை (மதுரை)

தம்பி லக்கிகாயின், 2012-இல் வெளியான அந்த 5 ரூபாய் 5 ரூபாய்க்குத்தான் போகும். யாராவது லட்சம் தருகிறேன், முதலில் ஜி.எஸ்.டி. கட்டு, கமிஷன் கட்டு என்றால் பணத்தை அனுப்பிவிடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள், அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. தனி இழை இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

சரி, ஓட்டைக்காலணா தம்பிக்கு வருகிறேன். மற்றவர்கள் எல்லாம் வழி சொல்கிறார்கள், சோறு பற்றி யாரும் பேசவில்லை. நான் மூன்று வருடம் பொழுதுபோக்கு இதழ்களுக்கு எழுதியவன். ஒரு கட்டுரைக்கு 1,500 ரூபாய், அதுவும் இதழ் வந்து நாலு மாதம் கழித்து. ஒரு இடத்தில் பணத்துக்குப் பதில் இரண்டு வருடச் சந்தா கொடுத்தார்கள், அந்த இதழ் எட்டாவது மாதம் நின்றுபோனது. பி.எட். படித்து வாத்தியார் ஆகுங்கள். சாயங்காலம் எழுதுங்கள். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி நாளிதழ் நடத்திக்கொண்டேதான் சங்ககாலக் காசுகளை ஆராய்ந்தார். 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் எழுதிய பாண்டியர் காசை 1980-களில் அவர் வெளிக்கொண்டுவந்தபோது, சங்க காலத்தில் தமிழ் மன்னர்கள் சொந்தமாகக் காசு அடித்தார்களா என்ற சந்தேகமே அடங்கியது. எந்த நாணய இதழும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

ஓட்டைக்காலணா (கரூர்)

ஐயா, அவர் பத்திரிகை ஆசிரியர். நான் ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருப்பவன் :)

இலவசமாக எழுதுவது பற்றித்தான் குழப்பமாக இருக்கிறது. ரெண்டணா அண்ணா பைசா வராது, போ என்கிறார். நீங்கள் பைசா வராது, போகாதே என்கிறீர்கள். விகடன் மாணவர் பத்திரிகையாளர் திட்டத்துக்கு முயற்சி செய்யலாமா என்று நண்பன் கேட்டான். அது படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு, எனக்கு வண்டி போய்விட்டது.

தங்கப்பணம் (பெங்களூரு)

இந்த இழையை இரண்டு நாளாகப் பார்க்கிறேன், எல்லோரும் இதழ் இதழ் என்கிறீர்கள். இந்தத் துறையில் எழுதுபவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் இடம் வேறு. ஏலக் கம்பெனிகள். நான் அப்படி ஒன்றில்தான் நாலு வருடமாக இருக்கிறேன். வரலாறு படித்தவள், சொந்த ஊர் திண்டுக்கல்.

ஏல கேட்லாக் எழுதுவதும் எழுத்துதான். ஒரு காசுக்கு ஐந்தாறு வரி. யார் வெளியிட்டது, எந்த நாணயச்சாலை, என்ன உலோகம், எடை இரண்டு தசமம் வரை, விட்டம், முன்பக்கம், பின்பக்கம், எழுத்து எப்படி உடைந்து நிற்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, எந்த நூலில் எந்த எண். ஒரு நாளைக்கு முப்பது காசு பார்ப்பேன். கை மரத்துப்போகும். ஆனால் ஒரு வருடத்தில் நான் கையில் எடுத்துப் பார்த்த காசுகளைப் படத்தில் பார்ப்பதற்கே ஒரு ஆராய்ச்சி மாணவருக்குப் பத்து வருடம் ஆகும். சென்னையில் புழங்கிய 'பணம்' என்ற சின்னக் காசையும் வராகனையும் எடுத்துக்கொள்ளுங்கள். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்று புத்தகத்தில் படித்தது சட்டென்று மறந்துவிடும். பருப்பு அளவு இருக்கும் தங்கப்பணத்தை இடுக்கியால் எடுத்து, அது தவறித் தரையில் விழுந்து, ஆபீஸே மண்டியிட்டுத் தேடிய பிறகு ஒருநாளும் மறக்காது.

இதழ்களில் உங்களுக்கு ஆசை இருந்தால் அதற்கும் இதுவே வழி. எங்கள் கம்பெனியில் இருந்த இரண்டு பேர் இப்போது இதழ்களில் பத்தி எழுதுகிறார்கள். அவர்கள் தேடிப் போகவில்லை, ஆசிரியர்கள்தான் சந்தேகம் கேட்டுக் கேட்டுப் பழகினார்கள்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அமராவதி ஆற்றில் கிடைத்தது என்று பொதுவெளியில் எழுதியிருக்கிறீர்கள். மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் சொல்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள், 1972 சட்டம் அதற்கு வேறு. தாத்தா காலத்துச் சங்கதி என்றாலும், எப்படிக் கிடைத்தது என்று தெரியாத காசின் படத்தைப் போட நல்ல ஆசிரியர்கள் தயங்குவார்கள். கரூரிலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. காப்பாட்சியரைப் பார்த்து, காட்டி, கேளுங்கள். ஒருவேளை அவர் வாங்கி வைத்துக்கொண்டாலும், அந்த ஐந்து காசைப் பற்றி எழுதும் முதல் ஆள் நீங்களாக இருக்கலாம்.

கணக்குப்பிள்ளை (மதுரை)

தங்கப்பணம் அம்மா சொல்வது நியாயம்தான், ஆனால் ஒரு நெருடல். காசை விற்கிற இடத்தில் உட்கார்ந்து காசைப் பற்றி எழுதினால், 'அரிது', 'மிக அரிது' என்ற வார்த்தை பேனாவில் தானாக ஊறும். இதழ்களில் பாதி விளம்பரமும் அவர்களுடையதே. அப்புறம் சரிபார்ப்பது எங்கே?

தங்கப்பணம் (பெங்களூரு)

ஊறும், மறுக்கவில்லை. முதல் வருடம் ஒரு காசுக்கு நான் 'அரிது' போட மறுத்தேன், மேலாளர் போட்டுவிட்டார். அடுத்த ஏலத்தில் அதே வகைக் காசு ஏழு வந்தது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு அவர் என்னைக் கேட்கிறார்.

அச்சுக்கோத்தவர் (கோவை)

அம்மா சொன்ன வழி நல்ல வழி. எங்கள் காலத்தில் இத்தனை ஏலக் கம்பெனிகள் இல்லை. ஆறு மாதம் ஒதுக்க முடிந்தால் தம்பி, நாசிக் பக்கத்தில் ஆஞ்சநேரியில் 1980-இல் தொடங்கிய நாணயவியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, நூலகத்துக்காகவே ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய இடம். இங்கேயே படிக்க வேண்டும் என்றால் மாநிலத் தொல்லியல் துறை உதவித்தொகையோடு இரண்டு வருடப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. பி.எட்.டுக்கு அது மாற்று என்று வீட்டில் சொல்லலாம்.

இலவசமா, சம்பளமா என்ற சண்டைக்கு என் கணக்கு இது: கட்டுரையை இலவசமாகக் கொடுங்கள், சரிபார்க்கும் வேலையைக் கொடுக்காதீர்கள். கட்டுரை உங்கள் பெயரில் வரும். சரிபார்ப்பதில் உங்கள் பெயர் வராது, பணமாவது வரட்டும்.

சரி, பேசியது போதும். உங்கள் பெயருக்கேற்ற காசைப் பற்றி ஒரு படக்குறிப்பு எழுதி இங்கே போடுங்கள். ஐம்பது வார்த்தைக்குள். நான் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஓட்டைக்காலணா (கரூர்)

மூன்று முறை எழுதி அழித்தது:

'ஓட்டைக் காலணா. 1943 முதல் 1947 வரை வெளியான செப்புக்காசு. இரண்டாம் உலகப் போரில் உலோகத் தட்டுப்பாடு ஏற்பட்டதால் நடுவில் துளையிட்டு எடை குறைக்கப்பட்டது. எடை 2 கிராம். மன்னர் தலைக்குப் பதில் கிரீடம் மட்டும் உள்ளது. மக்கள் இதை வாஷராகவும் குழந்தைகளின் அரைஞாண் கயிற்றில் கோக்கவும் பயன்படுத்தினர்.'

அச்சுக்கோத்தவர் (கோவை)

நன்றாக வந்திருக்கிறது. இப்போது சிவப்பு மை.

'செப்புக்காசு' தப்பு. காலணா 1906-லிருந்தே வெண்கலம். கண்ணுக்குச் செம்பாகத் தெரிவதால் எல்லோரும் இதில் விழுவார்கள்.

'துளையிட்டு எடை குறைக்கப்பட்டது' அரை உண்மை. முந்தைய காலணா 75 கிரெயின், அதாவது 4.86 கிராம். இது ஏறக்குறைய 2. ஒரு துளை போட்டதாலா மூன்று கிராம் போகும்? காசையே சின்னதாக்கினார்கள். பழையதையும் இதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், விளிம்பு தெரியும். உங்களிடம்தான் பாட்டில் நிறைய இருக்கிறதே.

'மக்கள் பயன்படுத்தினர்' என்றால் எந்த மக்கள்? யார் பார்த்தது? தாத்தா சொன்னாரா?

'எடை 2 கிராம்'. இது நீங்கள் போட்ட எடையா, கேட்லாக் போட்ட எடையா?

ஓட்டைக்காலணா (கரூர்)

எடை கேட்லாக்கிலிருந்து எடுத்தது அண்ணா. ஒப்புக்கொள்கிறேன்.

அரைஞாண் விஷயம் பாட்டி சொன்னது. நேற்று ராத்திரி மறுபடி கேட்டேன். பாட்டி தன் அண்ணன் இடுப்பில் கோத்திருந்ததைச் சொன்னார், கறுப்புக் கயிறு, ஒரே ஒரு காசு. வாஷர் கதை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால் யூடியூப்.

ரெண்டணா (சென்னை)

அப்போது வாஷரை எடுத்துவிடுங்கள், பாட்டியின் அண்ணனை விடாதீர்கள். அதை வேறு யாரும் எழுத முடியாது.

ஓட்டைக்காலணா (கரூர்)

பத்து நாள் கழித்து வருகிறேன். அருங்காட்சியகத்துக்குப் போனேன். காப்பாட்சியர் லீவு, செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். காசுகளைத் தனித்தனிக் காகித உறையில் போட்டு எண் எழுதி வைத்திருக்கிறேன். தங்கப்பணம் அக்கா சொன்ன மாதிரி இரண்டு ஏலக் கம்பெனிகளுக்கு எழுதினேன். பயோடேட்டாவோடு, திருத்திய அந்தப் படக்குறிப்பையும் வைத்து அனுப்பினேன். ஒருவர் 'பத்துக் காசுக்கு இதேபோல எழுதி அனுப்புங்கள், பார்க்கிறோம்' என்றிருக்கிறார். மாமா இன்னும் கோச்சிங் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், அவருக்கு டிசம்பர் வரை தவணை சொல்லியிருக்கிறேன்.

நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்னத் தராசு ஒன்றும் வாங்கினேன். ஓட்டைக் காலணா, 1944, என் தராசில் 1.97 கிராம்.

அச்சுக்கோத்தவர் (கோவை)

விட்டம்?